மேடு ஏறத் திணறும் பழைய ஹைலக்ஸுக்கு எந்த எஞ்சின்?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் நீங்கள் போயிருந்தால் இந்தக் காட்சி பழக்கமானதாக இருக்கும். முன்னால் ஒரு பழைய பிக்கப். பின்பக்கம் நிறைய உர மூட்டைகள். புகைக்குழாயிலிருந்து கரும்புகை. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. வளைவுக்கு வளைவு பின்னால் கார்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஓட்டுநர் எண்ணெய் மிதியை முழுக்க அழுத்தித்தான் வைத்திருக்கிறார். வண்டிதான் போக மறுக்கிறது.

இப்படி ஒரு வண்டி உங்கள் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ இருக்கலாம். அதை விற்றுப் புதியது வாங்க வசதி இல்லை. உடம்பு இன்னும் துருப்பிடிக்கவில்லை. சேஸி உறுதியாக இருக்கிறது. அப்போதுதான் “எஞ்சினை மட்டும் மாற்றிவிடலாமா?” என்ற பேச்சு வீட்டில் எழும். ஆளுக்கொரு எஞ்சின் பெயரைச் சொல்வார்கள். வகுப்பில் இந்தப் பேச்சை எடுத்தால் போதும், பின்வரிசை மாணவர்கள் உடனே எழுந்துகொள்வார்கள்: “2ஜேஇசட் போடலாம், சார்!”

எஞ்சின் மாற்றுவது சில ஆயிரம் ரிங்கிட் செலவாகும் வேலை. தவறானதைப் போட்டால் அந்தப் பணம் போகும். வண்டியும் பட்டறையில் நிற்கும். காய்கறியும் சந்தைக்குப் போகாது. அதனால் பெயரிலிருந்து தொடங்காமல் மேட்டிலிருந்து தொடங்குவோம். அந்த மேடு வண்டியிடம் என்ன கேட்கிறது? அதைக் கணக்கிட உங்கள் பாடநூலே போதும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். 1988இல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ். அதில் 2எல் எனப்படும் 2.4 லிட்டர் டீசல் எஞ்சின். டர்போ கிடையாது. புதிதாக இருந்தபோது அதன் உச்சத் திறன் சுமார் 61 கிலோவாட், நிமிடத்திற்கு 4,200 சுற்றில். உச்ச முறுக்குவிசை சுமார் 165 நியூட்டன் மீட்டர், 2,400 சுற்றில். இந்த இரண்டு எண்களையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

முதலில் எஞ்சின்தான் குற்றவாளியா?

மருத்துவர் பரிசோதிக்காமல் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதில்லை. முப்பது ஆண்டு ஓடிய எஞ்சின் புதிதில் கொடுத்த இழுவையை இன்று கொடுக்காது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் கசியும். இன்ஜெக்டர் முனைகள் டீசலைப் பனிபோலத் தூவாமல் துளித்துளியாக ஒழுகவிடும். காற்று வடிகட்டி அடைத்திருந்தால் எரிபொருள் முழுதாக எரியக் காற்றே போதாது; அந்தக் கரும்புகை எரியாமல் போன கார்பன்தான். கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் சுற்றும், சக்கரம் சுற்றாது. பிரேக் உராய்ந்துகொண்டே இருந்தால் வண்டி எப்போதும் மேடு ஏறுவதுபோல்தான் ஓடும்.

இன்னொன்று, பலர் நினைத்தே பார்க்காதது: டயர். அழகுக்காகப் பெரிய டயர் போட்ட பிக்கப்புகளை நம் சாலைகளில் எங்கும் பார்க்கலாம். சக்கரத்தின் ஆரம் 36 சென்டிமீட்டரிலிருந்து 40ஆகக் கூடினால், அதே விசையைத் தரையில் கொடுக்க 11 விழுக்காடு கூடுதல் முறுக்குவிசை தேவை. படிவம் 2இல் படித்த திருப்புத்திறன்தான் இது: விசை பெருக்கல் தூரம். பழைய அளவு டயருக்குத் திரும்பினாலே பாதித் திணறல் போய்விட்ட வண்டிகள் உண்டு.

இவற்றையெல்லாம் சரிபார்த்து, அழுத்தச் சோதனையும் செய்து, அதன் பிறகும் வண்டி திணறுகிறது என்றால் மேலே படியுங்கள்.

மேடு கேட்கும் விசை

தாப்பா கடல்மட்டத்தை ஒட்டிய ஊர். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடைப்பட்ட சாலை சுமார் 60 கிலோமீட்டர். ஏற்றம் 1,400 மீட்டர் என்று வைத்து வகுத்தால் 100 மீட்டருக்கு 2.3 மீட்டர்தான் வருகிறது. அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் சராசரி ஏமாற்றும். வண்டியைத் திணறடிப்பது சமமான பகுதிகள் அல்ல, நடுநடுவே வரும் செங்குத்தான பகுதிகள். நாம் 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் ஒரு மேட்டை எடுத்துக்கொள்வோம்.

வண்டி, ஓட்டுநர், உரம் எல்லாம் சேர்த்து 2,500 கிலோகிராம். படிவம் 5 இயற்பியலில் சாய்தளத்தில் எடையை இரண்டு கூறுகளாகப் பிரிப்பீர்கள் அல்லவா? சரிவு வழியே கீழே இழுக்கும் கூறு இது:

2,500 × 9.8 × 0.08 = 1,960 நியூட்டன்.

டயர் உருளும்போது ஏற்படும் தடை சுமார் 370 நியூட்டன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடை சுமார் 130 நியூட்டன். மொத்தம் 2,460 நியூட்டன். கவனித்தீர்களா? ஐந்தில் நான்கு பங்கு புவியீர்ப்பின் வேலை. வண்டியின் மூக்கைக் கூர்மையாக்கி இங்கே ஒரு பயனும் இல்லை. இரண்டு மூட்டையைக் குறைத்தால் பயன் உண்டு.

அடுத்தது திறன். படிவம் 3இல் ‘குவாசா’ என்று படித்தது இதுதான்: ஒரு வினாடியில் செய்யும் வேலை. விசையை வேகத்தால் பெருக்குங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 13.9 மீட்டர். 2,460 × 13.9 என்றால் சுமார் 34,000 வாட், அதாவது 34 கிலோவாட். இது சக்கரத்தில் தேவைப்படுவது. கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் வழியில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை வெப்பமாகத் தின்றுவிடும். ஆகவே எஞ்சின் கொடுக்க வேண்டியது 40 கிலோவாட்.

இங்கேதான் ஒரு புதிர். பழைய எஞ்சினின் உச்சத் திறன் 61 கிலோவாட். தேவை 40 மட்டுமே. பிறகு ஏன் திணறுகிறது?

கியர் சொல்லும் கதை

உச்சத் திறன் என்பது ஒரே ஒரு சுழற்சி வேகத்தில் மட்டும் கிடைப்பது. 2எல் எஞ்சின் 61 கிலோவாட்டைக் கொடுக்க நிமிடத்திற்கு 4,200 சுற்றில் அலற வேண்டும். யாரும் மலைப்பாதையில் அப்படி ஒரு மணி நேரம் ஓட்டமாட்டார்கள். ஓட்டினால் எஞ்சின் தாங்காது. ஓட்டுநர் விரும்புவது 2,000 சுற்றை ஒட்டிய நிதானமான ஓட்டம். அந்த வேகத்தில் எஞ்சின் எவ்வளவு முறுக்குகிறது என்பதுதான் கேள்வி.

சக்கரத்தின் ஆரம் 0.36 மீட்டர். 2,460 நியூட்டன் விசைக்குச் சக்கரத்தில் சுமார் 885 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். எஞ்சினிலிருந்து சக்கரம் வரும் வழியில் கியர்கள் முறுக்கைப் பெருக்குகின்றன, சுழற்சியைக் குறைக்கின்றன. கணக்குக்காக மூன்றாம் கியர் 1.4 மடங்கு, இரண்டாம் கியர் 2.1 மடங்கு, டிஃபரென்ஷியல் 4.1 மடங்கு என்று கொள்வோம். இந்த வகை வண்டிகளில் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

மூன்றாம் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 2,120 சுற்றில் ஓடும். அங்கே அது கொடுக்க வேண்டிய முறுக்குவிசை, இழப்பையும் சேர்த்து, 181 நியூட்டன் மீட்டர். ஓரத்தில் எழுதி வைத்த எண்ணைப் பாருங்கள்: 165. புதிதாக இருந்தபோதே போதாது!

ஆகவே ஓட்டுநர் இரண்டாம் கியருக்கு இறக்குகிறார். இப்போது தேவை 121 நியூட்டன் மீட்டர்தான், ஆனால் எஞ்சின் 3,170 சுற்றில் ஓட வேண்டும். புது எஞ்சின் அதைச் செய்துவிடும். தேய்ந்த எஞ்சின் செய்யாது. வேகம் 50இலிருந்து 40, 30 என்று இறங்கும். நீங்கள் பின்னாலிருந்து பார்க்கும் கரும்புகை ஊர்வலம் இதுதான்.

சக்கரத்தில் இழுவையைத் தீர்மானிப்பது திறன்தான். அந்தத் திறன் எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதை முறுக்குவிசை சொல்கிறது. இதைத் தெளிவாக்க ஒரு விசித்திர ஒப்பீடு. கார்ப் பிரியர்களுக்கு ஹோண்டாவின் பி16ஏ எஞ்சின் தெரிந்திருக்கும். 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 7,600 சுற்றில் சுமார் 118 கிலோவாட். நம் ஹைலக்ஸ் எஞ்சினைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! ஆனால் அதன் உச்ச முறுக்குவிசை சுமார் 150 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 7,000 சுற்றில். அதை இந்த பிக்கப்பில் எப்படியோ பொருத்திவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். மூன்றாம் கியரில் 181 கேட்கும் மேட்டில் அதுவும் தோற்கும். அதுவும் இரண்டாம் கியருக்குத்தான் இறங்கும். இரு மடங்குத் திறன் வாங்கியும் மேட்டில் பழைய கதைதான். விளம்பரத் தாளில் பெரிதாக அச்சாகும் குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்த்து எஞ்சின் வாங்குவதில் உள்ள ஆபத்து இது.

சரி, 2ஜேஇசட்? டர்போ இல்லாத 2ஜேஇசட்-ஜிஇ மூன்று லிட்டர் எஞ்சின். கீழ்ச் சுற்றிலும் ஓரளவு முறுக்கு உண்டு, மேடு ஏறிவிடும், மறுக்கவில்லை. ஆனால் அதன் பெருமையான 162 கிலோவாட் 5,800 சுற்றை ஒட்டித்தான் கிடைக்கும். நமக்குத் தேவை 40. மீதியைச் சுமையுடன் வளைவுப் பாதையில் எங்கே செலவழிப்பது? டீசல் வண்டியைப் பெட்ரோலுக்கு மாற்றினால் எண்ணெய்த் தொட்டி, குழாய்கள், கியர்பாக்ஸ், பதிவுப் பத்திரம் எல்லாம் மாற வேண்டும். பின்வரிசை நண்பர்கள் மன்னிக்கவும்.

போட்டியாளர்கள்

மேட்டின் தேவை 2,100 சுற்றில் 181 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பும் வேண்டும். இப்போது எஞ்சின்களைப் பார்க்கலாம்.

எளிதானவை அதே குடும்பத்து 3எல், 5எல். 3எல் 2.8 லிட்டர், சுமார் 190 நியூட்டன் மீட்டர். 5எல் 3 லிட்டர், சுமார் 197. இரண்டிலும் டர்போ இல்லை, மின்னணுக் கட்டுப்பாடும் இல்லை. பழைய எஞ்சின் உட்கார்ந்த இடத்திலேயே அதிகச் சிரமமின்றி உட்காரும். பழைய கியர்பாக்ஸோடும் சேரும். மழையில் நனைந்தாலும் சேற்றில் புரண்டாலும் ஓடும். தாளில் பார்த்தால் 181ஐத் தாண்டிவிட்டன. அதோடு முடிந்ததா?

முடியவில்லை. மலை உயர உயரக் காற்று லேசாகிறது. தானா ராத்தா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு உறிஞ்சலிலும் அந்த அளவு குறைந்த ஆக்சிஜனைத்தான் பெறும். முறுக்குவிசையும் அதே விகிதத்தில் குறைவதாக வைத்தால் 3எல் 165 ஆகிவிடும், 5எல் 171. மலையடிவாரத்தில் மூன்றாம் கியரில் ஏறிய வண்டி, மேலே போனதும் மறுபடி இரண்டாம் கியர் தேடும். கிள்ளானிலோ சுங்கை சிப்புட்டிலோ சமதரையில் ஓடும் வண்டிக்கு 3எல் போதுமானது, மிக நல்ல தேர்வும்கூட. மலைக்குத்தான் பற்றாது.

டர்போ இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் கூடுதல் டீசலைப் புகையின்றி எரிக்கலாம். வீணாகப் போகும் புகையின் ஆற்றலில் ஒரு பகுதி திரும்பி வேலைக்கு வருகிறது. உயரத்தில் காற்று லேசானாலும் டர்போ கொஞ்சம் வேகமாகச் சுழன்று பெருமளவு ஈடுகட்டிவிடும்.

“அப்படியானால் பழைய 2எல் எஞ்சினுக்கே ஒரு டர்போ மாட்டிவிடலாமே?” என்று சிலர் செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2எல் ஏற்கெனவே காற்றைச் சுமார் 22 மடங்கு அமுக்குகிறது. டர்போவும் சேர்ந்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் அந்தப் பிஸ்டன்கள் தாங்கும் எல்லையைத் தாண்டக்கூடும். தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வந்த 2எல்-டி என்ற தம்பி இருக்கிறான். அவனுக்கே, சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பு விடும் என்ற பெயர் பட்டறை வட்டாரத்தில் உண்டு.

அடுத்தது 1கேஇசட். மூன்று லிட்டர், டர்போ டீசல். 3,600 சுற்றில் சுமார் 96 கிலோவாட். நமக்கு முக்கியமான எண்: 2,000 சுற்றில் சுமார் 289 நியூட்டன் மீட்டர். மேடு கேட்பது 181. எஞ்சின் தன் வலுவில் மூன்றில் இரண்டு பங்குகூடச் செலவிடாமல் மூன்றாம் கியரில் ஏறிவிடும். இந்த எஞ்சினுடன் ஜப்பானில் ஓடிய ஹைலக்ஸ் சர்ஃப், நம் பிக்கப்பின் சேஸியையொட்டி உருவான வண்டி. அதனால் பொருத்துவது ஒப்பீட்டளவில் எளிது. குறை என்ன? அதன் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது; ஒருமுறை கொதித்துவிட்டால் வளையவோ வெடிக்கவோ செய்யும். குளிரூட்டும் அமைப்பில் கஞ்சத்தனம் செய்பவர்கள் இதன் பக்கம் போகக்கூடாது.

மூன்றாவது, 2கேடி. பிந்தைய ஹைலக்ஸ் வீகோவில் வந்த 2.5 லிட்டர் டர்போ டீசல். நம் நாட்டில் ஓடிய வடிவத்தில் 1,600 சுற்றிலிருந்தே சுமார் 260 நியூட்டன் மீட்டர். டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் நேரடியாகச் சிலிண்டருக்குள் தூவுவதால் சிக்கனமும் கூடுதல். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஒரே இரவில் ஏறியதை வீட்டில் கேட்டிருப்பீர்கள். தினமும் மலை ஏறும் வண்டிக்குச் சிக்கனம் சின்ன விஷயமல்ல. ஆனால் இந்த எஞ்சினை ஒரு கணினிப் பெட்டிதான் இயக்குகிறது. முப்பது ஆண்டுப் பழைய வண்டிக்குள் அந்தப் பெட்டியையும் உணரிகளையும் கம்பிக் கற்றையையும் பிழையின்றி இணைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்போங் ராஜாவில் வண்டி நின்றுபோனால் கயிறு கட்டித்தான் இழுத்து வர வேண்டும்.

மலைக்கு ஓடும் இந்த ஹைலக்ஸுக்கு என்னைக் கேட்டால் 1கேஇசட் என்பேன். அதிலும் ஊசிப் பம்பு முழுக்க இயந்திர முறையில் இயங்கும் பழைய வடிவம் நல்ல நிலையில் கிடைத்தால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக வரலாம். சுமை 500 கிலோ குறைவு என்று வைத்து மேலே உள்ள கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். 3எல் எஞ்சினும் போட்டிக்குள் வந்துவிடும்.

எஞ்சின் மட்டும் மாறினால் போதாது

40 கிலோவாட் வேலை கொடுக்கும் ஒரு பழைய வகை டீசல் எஞ்சின் உண்மையில் எவ்வளவு எரிக்கிறது? அதன் செயல்திறன் 30 விழுக்காடு என்றால் எரிபொருளாக உள்ளே போவது 133 கிலோவாட். மீதியில் ஒரு பகுதி புகையோடு போகும். ஏறத்தாழ 40 கிலோவாட் குளிர்நீர் வழியாக ரேடியேட்டருக்கு வரும். வீட்டில் உள்ள மின்சாரக் கெட்டில் சுமார் 2 கிலோவாட். இருபது கெட்டில்கள் ஒரே நேரத்தில் கொதிப்பதை அந்த ரேடியேட்டர் ஆற்ற வேண்டும்.

புது எஞ்சின் வந்ததும் யாரும் 50இலேயே ஓட்டமாட்டார்கள். அதே மேட்டில் 70இல் போனால் எஞ்சின் 59 கிலோவாட் கொடுக்க வேண்டும். ரேடியேட்டருக்கு வரும் வெப்பமும் அதே விகிதத்தில் ஏறும். கெட்டில்கள் முப்பதாகிவிட்டன. பழைய ரேடியேட்டர் 61 கிலோவாட் எஞ்சினுக்காகச் செய்தது, அதுவும் பாதிக் குழாய் அடைத்தது. புது எஞ்சினோடு அதன் சொந்த ரேடியேட்டரும் விசிறியும் வர வேண்டும்.

கியர்பாக்ஸும் அப்படித்தான். 165க்கு வடிவமைத்த கிளட்சிலும் கியர்ப் பற்களிலும் 289ஐச் செலுத்தினால், முதல் கியரில் மேட்டில் கிளம்பும் ஒவ்வொரு முறையும் 75 விழுக்காடு கூடுதல் சுமை. சில மாதம் தாங்கும். பிறகு சத்தம் வரும். எஞ்சினை அதன் சொந்தக் கியர்பாக்ஸோடு வாங்குவதே நல்லது.

பிரேக்கை மறந்துவிடாதீர்கள். உரம் ஏற்றி மேலே போன வண்டி முட்டைக்கோஸ் ஏற்றிக் கீழே வரும். 2,500 கிலோவை 1,400 மீட்டர் ஏற்றும்போது சேரும் நிலையாற்றல் சுமார் 34 மில்லியன் ஜூல். ஒரு லிட்டர் டீசலில் இருப்பதே ஏறத்தாழ 36 மில்லியன் ஜூல்தான். ஆக மலை முழுக்க ஏறிய வேலை ஒரே ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடுகிறது. (ஆனாலும் வண்டி அதைப் போல் பல மடங்கு குடிக்கிறது. மீதி எங்கே போனது என்று மேலே பார்த்துவிட்டோம்.) இறங்கும்போது அந்த 34 மில்லியன் ஜூலும் எங்காவது வெப்பமாக வெளியேறியாக வேண்டும். எட்டு விழுக்காடு சரிவில் 50இல் இறங்கும்போது வினாடிக்கு 20,000 ஜூல். கியரை இறக்கி எஞ்சினைத் தடுக்கவிட்டால் ஒரு பகுதியை அது ஏற்கும், மீதி பிரேக்குக்கு. வேகமான எஞ்சின் போட்ட வண்டியில் டிஸ்க்கும் பேடும் பின் டிரம்மும் புதிதாக இருக்க வேண்டும். பிரேக் எண்ணெயையும் மாற்றியாக வேண்டும்; ஈரம் கலந்த எண்ணெய் சூட்டில் கொதித்தால் மிதி தரை வரை போய்விடும்.

ஹாஃப்கட் கடையில்

நம் நாட்டில் மாற்று எஞ்சின் பெரும்பாலும் ஹாஃப்கட் கடையிலிருந்துதான் வருகிறது. ஜப்பானில் ஓடிய வண்டியை நடுவில் அறுத்து, முன்பாதியை எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், கம்பிக் கற்றையோடு கப்பலில் அனுப்புகிறார்கள். நன்றாக ஓடும் வண்டியை ஏன் அறுக்கிறார்கள்? அங்கே பழைய வண்டிக்குக் கட்டாயப் பரிசோதனைச் செலவு கூடிக்கொண்டே போகும். டீசல் வண்டிகளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தோக்கியோ, ஓசாக்கா, நகோயா வட்டாரங்களில் காற்று மாசைக் குறைக்க 2001இல் கடுமையாக்கப்பட்ட சட்டத்தால், பழைய டீசல் வண்டிகளை அங்கே தொடர்ந்து பதிவில் வைத்திருக்க முடியாமல் போனது.

கடையில் என்ன பார்ப்பது? எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். பால்காப்பி நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ரேடியேட்டர் நீர் துருநிறமாக இருந்தால் யோசியுங்கள். எஞ்சினைக் கடைக்காரர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கக் கூடாது. குளிர்ந்த நிலையில் உங்கள் முன்னால் கிளப்பச் சொல்லுங்கள். நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் எரியாத டீசல் அல்லது குளிர்நீர். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். எண் பெரிதாக இருப்பது மட்டும் போதாது. நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் வால்வோ வளையமோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கலாம்.

டர்போவின் அச்சை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. விசிறி உறையில் உரசும் அளவுக்கு ஆடினால் வேண்டாம்.

கடைசியாகப் பத்திரம். எஞ்சின் எண் வண்டியின் பதிவில் இருக்கிறது. அதை மாற்றுவதற்கு ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் வாகனப் பரிசோதனையும் தேவை. எஞ்சின் முறையாக இறக்குமதி ஆனது என்பதற்கான ஆவணத்தையும் ரசீதையும் கடையிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் கிடைப்பது கடினம். கொள்ளளவு 2.4இலிருந்து 3 லிட்டராக மாறினால் சாலை வரியும் மாறக்கூடும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பதிவில் ஓர் எண்ணும் எஞ்சின் கட்டையில் வேறோர் எண்ணும் இருக்கும் வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீடு கேட்கும் நாளில்தான் அந்த வித்தியாசம் மேசைக்கு வரும். பழைய எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். கணக்கை நீங்கள் போட்டுக் கொடுத்தால், அந்த ஒரு நடையை மாமா பார்த்துக்கொள்வார்.